‘சீ-ஏ-டீ’ எப்படிக் ‘கேட்’ ஆயிற்று?

(நம் சங்கத்தின் கோடைக்காலக் குடும்பக் கூட்டத்தில், பாலக்காட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன் வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்களைப் பற்றித்தான் இன்று பேச்சு. ஆகையால் கொஞ்சம் சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

காரியதரிசி முதலில் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வுக்குப் பின் ஆரோக்கியம்’. எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. அந்த விஷயத்தில் பேச எனக்கு யோக்யதை போதாது. குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசுகிறேன் என்றேன். “மாமா, நீங்கள் ரெவின்யூவில் இருந்தவர், வாத்தியார் இல்லையே?” என்றார். வாஸ்தவம். நான் வாத்தியார் இல்லை. விக்டோரியா காலேஜில் ஃபிசிக்ஸ் படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்தே காலத்தைத் தள்ளியவன். ஆனால் ஒரு குழந்தை என்னைக் கேள்வி கேட்டு மடக்கியது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

2023 கோடை விடுமுறை. பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். ஏழு வயது. ஒரு இங்கிலீஷ் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடமடவென்று வாசித்துக் காண்பித்தான். பாட்டிக்கு ஒரே பெருமை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் வீட்டுப் படம். கீழே அச்சாகியிருந்த சொல் ‘ஹவுஸ்’. பையன் ‘ஹோம்’ என்று வாசித்தான். அர்த்தம் சரிதான். ஆனால் அங்கே இருக்கிற எழுத்து அது இல்லையே? எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அடுத்த பக்கத்தில் படத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு “இப்போ வாசி” என்றேன். பையன் வாயே திறக்கவில்லை. என் கையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான்.

அதுவரை அவன் வாசித்ததெல்லாம் வாசிப்பே இல்லை. படத்தைப் பார்த்து ஊகம், பழகிய கதையின் ஞாபகம், அவ்வளவுதான். புத்திசாலிக் குழந்தையாக இருந்தால் இந்த வித்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம்கூட ஓட்டிவிடலாம்.

சரி, எழுத்துக் கூட்டட்டும் என்று ‘சி, ஏ, டி’ என்று எழுதிக் காட்டினேன். அவன் கேட்டான்: “தாத்தா, சீ, ஏ, டீ சேர்த்தா ‘சீயேடீ’ன்னுதானே வரணும்? கேட்-னு எப்படி வரது?”

எழுபது வயதுக்கு மேல் ஆன எனக்குப் பதில் தெரியவில்லை. “அப்படித்தான்டா, மனப்பாடம் பண்ணிக்கோ” என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சபையில் சொல்லிக்கொள்ளும் கதை அல்ல, ஆனாலும் சொல்கிறேன்.

1987-ல் எனக்குத் தேவிகுளத்தில் வேலை. என் மகனுக்கும் அப்போது ஏழு வயது. ஆபீஸிலிருந்து வந்ததும் காபி, அதற்குப் பின் டிக்டேஷன். பத்துச் சொல் கொடுப்பேன். தப்பான சொல்லைப் பத்துத் தரம் எழுத வேண்டும். அவனுக்குத் தினமும் ஆறோ ஏழோ தப்பு வரும். பேனா பிடித்து அறுபது, எழுபது தரம் எழுதுவான். மறுநாள் அதே சொல்லை வேறு விதமாகத் தப்பு எழுதுவான். ஒருநாள் கை ஓங்கி அடித்தும் விட்டேன். அவன் முட்டாள் என்று நான் நினைத்தேன். அவனும் அதை நம்பிவிட்டான். இன்று நல்ல உத்தியோகத்தில்தான் இருக்கிறான், ஆனால் நாலு வரி கையால் எழுத வேண்டும் என்றால் இன்னமும் ஏதாவது சாக்கு சொல்லி நகர்ந்துவிடுவான். அந்த நாட்களைப் பற்றி அவன் என்னிடம் சொல்லிக்காட்டியதே இல்லை. 2023-ல் பையனை எங்களிடம் விட்டுவிட்டு ரயிலேறும்போது மட்டும், “அப்பா, அவனுக்கு டிக்டேஷன் போட வேண்டாம்” என்றான்.

ஆகையால் பேரன் கேட்ட கேள்விக்கு ‘மனப்பாடம் பண்ணிக்கோ’ என்பது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு என்ன பதில் என்று தேடினேன்.

பதில் ரொம்ப எளிது. எழுத்துக்குப் பெயர் வேறு, ஓசை வேறு. ‘சி’ என்பது அந்த எழுத்தின் பெயர். அது சொல்லுக்குள் போனால் கொடுக்கும் ஓசை ‘க்’. ‘டி’ பெயர், ஓசை ‘ட்’. நடுவில் இருக்கும் ‘ஏ’யின் ஓசை நம் ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஓசைகளைச் சேர்த்தால் சொல் வரும். பெயர்களைச் சேர்த்தால் ‘சீயேடீ’தான் வரும். பையன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நாம்தான் ஓசையைச் சொல்லிக்கொடுக்காமல் பெயரைச் சொல்லிக்கொடுத்து, பிறகு அதிலிருந்து சொல்லை எடு என்கிறோம். இப்படி ஓசையை முதலில் வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறைக்குத்தான் ‘ஃபோனிக்ஸ்’ என்று பெயர். இப்போது ஒவ்வொரு நகரத்திலும் அதற்கு டியூஷன் போர்டு தொங்குகிறது. மாதக் கட்டணத்தைக் கேட்டால் என் முதல் மாதச் சம்பளம் ஞாபகம் வருகிறது, அது போகட்டும்.

இங்கிலீஷில் எழுத்து 26, ஓசை ஏறக்குறைய 44. அங்கேதான் தொல்லை. ஒரே எழுத்துக்குப் பல ஓசை, ஒரே ஓசைக்குப் பல எழுத்து. இதனால் இங்கிலீஷ்காரர்களே பல காலம் ‘இது கணக்கில் அடங்காது, சொல்லை முழுசாகப் பார்த்துப் பழகட்டும்’ என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1955-லேயே ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் பிள்ளைகளுக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று ஒரு புத்தகம் எழுதி இதைக் கண்டித்தார். 2000-ல் அந்த நாட்டில் ஒரு தேசியக் குழு பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் பரிசீலித்து, எழுத்து-ஓசை உறவை முறையாகக் கற்பிப்பதுதான் பலன் தருகிறது என்றது. 2006-ல் இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் என்பவரின் அறிக்கையும் அதையே சொன்னது. 2012 முதல் அங்கே ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறார்கள். 40 சொற்கள். அதில் பாதி அர்த்தமே இல்லாத, இட்டுக்கட்டிய சொற்கள்! எதற்கு என்றால், மனப்பாடம் பண்ணிய குழந்தை அதில் மாட்டிக்கொள்ளும். ஓசை தெரிந்த குழந்தை வாசித்துவிடும். நான் கையால் படத்தை மறைத்தேன் இல்லையா, அதே யுக்திதான்.

வரிசையும் முக்கியம். ஏ, பி, சி, டி என்று அகராதி வரிசையில் போவதில்லை. முதலில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்து. இந்த ஆறின் ஓசை தெரிந்தால் போதும், ‘பின்’, ‘டின்’, ‘ஸிட்’, ‘டிப்’, ‘ஸ்னிப்’ என்று குழந்தை அந்த வாரமே வாசிக்க ஆரம்பித்துவிடும். 26-ம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே என் வயதுக்காரர்கள் கை தூக்குங்கள் — ஒன்றாம் கிளாஸ் மலையாளப் புத்தகத்தில் முதல் பாடம் என்ன? பாருங்கள், எத்தனை குரல்! ‘தற, பற’. அகாராதி வரிசையே இல்லை. எழுதச் சுலபமான நாலைந்து எழுத்தை எடுத்து, உடனே அதில் சொல் கட்டியிருந்தார்கள். தமிழிலும் அதே மாதிரி செய்யலாம். ட, ப, ம என்ற மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதிவிடலாம். எஸ்-ஏ-டி-ஐ-பி-என் என்று சீமையில் புதிதாகச் சொல்வதை நம் ஊர் ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடம் செய்துகொண்டுதான் இருந்தது. இன்னும் பின்னால் போனால், சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அதற்குப் பெயர்.

இன்னொரு சௌகரியமும் நமக்கு உண்டு. இங்கிலீஷ் வாத்தியார்களுக்குப் பெரிய தலைவலி, ‘பி’யின் ஓசையைத் தனியாகச் சொல்லிக்காட்டுவது. எப்படிச் சொன்னாலும் பின்னால் ஒரு ‘அ’ ஒட்டிக்கொள்ளும். ‘ப-இ-ந’ என்று சொன்னால் ‘பின்’ எங்கே வரும்? நமக்கு அந்தத் தலைவலி இல்லை. எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்தது. ப் வேறு, ப வேறு. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று தொல்காப்பியம் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். ப் + இ = பி என்று தெரிந்த குழந்தைக்கு இங்கிலீஷ் ஃபோனிக்ஸ் ஏற்கெனவே பாதி தெரியும். தமிழ் எழுத்து 247 என்று பயமுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதற்கு மேல் கால், கொம்பு, சுழி என்று சில குறிகள். உகர, ஊகார வரிசையில்தான் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். அதை மட்டும் பொறுமையாகப் பழக வேண்டும். மற்றதெல்லாம் கூட்டல் கணக்கு. 216-ஐயும் தனித்தனியாக நெட்டுருப் போடுவது வீண் வேலை.

அந்தத் ‘தற, பற’ பிறகு என்ன ஆயிற்று? இதில் என் அபிப்ராயம் கொஞ்சம் காரமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் டி.பி.இ.பி. என்ற ஆரம்பக் கல்வித் திட்டம் கேரளத்துக்கு வந்தது. முதலில் காசர்கோடு, வயநாடு, மலப்புறம். அடுத்த கட்டத்தில் நம் பாலக்காடு, இடுக்கி, திருவனந்தபுரம். நல்லது நிறைய நடந்தது. பிரம்பு போயிற்று, பாட்டும் விளையாட்டும் வந்தது. குழந்தைகள் சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் அதோடு கூட, எழுத்து எழுத்தாகக் கற்பிக்க வேண்டாம், முழு வாக்கியத்தையும் கருத்தையும் கொடுத்தால் எழுத்தைக் குழந்தை தானே பிடித்துக்கொள்ளும் என்ற கொள்கையும் வந்தது. எழுத்துமாலையே பாடப்புத்தகத்திலிருந்து போயிற்று. பெற்றோர்களும் எழுத்தாளர்களும் வருஷக்கணக்காகக் குறை சொல்லி, கடைசியில் 2022-ல் அது மறுபடி புத்தகத்தில் அச்சாயிற்று.

தானே பிடித்துக்கொள்ளும் என்பது யார் வீட்டில் நடக்கும்? சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, விட்டதைச் சொல்லித்தரப் படித்த அம்மா இருக்கிற வீட்டில் நடக்கும். நம் வீடுகளில் நடக்கும். தேயிலை எஸ்டேட் லயத்தில் நடக்குமா? விடிகாலையில் கொழுந்து கிள்ளப் போய் இருட்டும் சமயத்தில் திரும்பும் தாய்க்கு எழுத்தே தெரியாது என்றால், அந்தக் குழந்தை எழுத்தை எங்கிருந்து பிடிக்கும்? பள்ளிக்கூடத்தில் வெளிப்படையாகச் சொல்லித்தராததை வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத குழந்தைதான் முதலில் பின்தங்கும்.

தேவிகுளம் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் அங்கத்தினர்களில் பலருக்கு மூணாறு என்றால் தேனிலவு மட்டும்தான் ஞாபகம் வரும். இடுக்கி ஜில்லாவில் தேவிகுளம், பீர்மேடு பக்கமெல்லாம் எஸ்டேட்டில் வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. மறையூர், காந்தளூர், வட்டவடையில் எஸ்டேட் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே தமிழ் கிராமங்கள். நம் ஜில்லாவில் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் போனால் கடைத்தெருவில் பேச்சே தமிழ்தான். 1956 நவம்பர் 1-ல் எல்லை போட்டபோது இவர்கள் கேரளத்தில் நின்றார்கள். கேரள அரசே இந்தக் குழந்தைகளுக்காகத் தமிழ்வழிப் பாடநூல் அச்சிடுகிறது. அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒரு குழந்தை தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று எழுத்தைச் சுமக்க வேண்டும். பிறகு ஹிந்தி.

தேவிகுளம் ஆபீஸில் ஒருநாள். மழைக்காலம். வருமானச் சர்ட்டிஃபிகேட்டுக்காக ஒரு எஸ்டேட் அம்மாள் பத்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஃபாரம் மலையாளத்தில். “பையன் அஞ்சாங் கிளாஸ் படிக்கிறான், வாசிப்பான்” என்றாள். பையன் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்து போவான், நிற்பான். பியூன் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால் அதே பையன் வராந்தாவில் கிடந்த தமிழ்ப் பேப்பரை எடுத்து அம்மாவுக்கு வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தான், ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பேரன் கேள்வி கேட்ட பிறகுதான், முப்பத்தைந்து வருஷம் கழித்து, அந்தப் பையன் எங்கே எங்கே நின்றான் என்று யோசித்தேன். தமிழில் ஜோடி இல்லாத எழுத்து வரும் இடத்தில்தான் நின்றிருப்பான்.

பாருங்கள், தமிழில் பழத்துக்கும் ப, பஸ்ஸுக்கும் ப. கண்ணுக்கும் கா-வின் க, காந்திக்கும் அதே க. மலையாளத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. க-வுக்கே நாலு உண்டு. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பழம்’ என்று ஆரம்பியுங்கள், பிறகு ‘பஸ்’ என்று ஆரம்பியுங்கள். குழந்தைகளே, நீங்களும் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் ‘ப்’ சொல்லும்போதே தொண்டை அதிர்கிறதா? ஃபிசிக்ஸில் ட்யூனிங் ஃபோர்க் தொட்டுப் பார்ப்போமே, அது மாதிரி. அந்த அதிர்வுக்கு மலையாளம் தனி எழுத்து வைத்திருக்கிறது, தமிழ் வைக்கவில்லை. இதை விரலை வைத்துக் காட்டினால் அந்தப் பையனுக்கு ஒரு வாரத்தில் விளங்கியிருக்கும். ஒருவரும் காட்டவில்லை. அவனுக்கு மலையாளம் வராது என்று முடிவுகட்டிவிட்டோம்.

இதற்கு நேர் எதிரான கஷ்டம் நம் வீடுகளில். நம் பாலக்காட்டுக் குழந்தைகள் வீட்டில் பேசுவது தமிழ். வாசிக்கிறது? மலையாளம் அல்லது இங்கிலீஷ். பம்பாய், டில்லிக் குழந்தைகளுக்கு ஹிந்தி. தமிழ் எழுத்து தெரியாது. எனக்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. விஜயதசமியன்று அரிசியில் ஹரிஶ்ரீ எழுதினதே மலையாளத்தில்தான். தமிழ் கற்றது பாட்டி மடியில், ‘கல்கி’ பத்திரிகையை வைத்துக்கொண்டு. அப்போது ‘தம்பி’ என்பதைத் ‘தம்ப்பி’ என்றும், ‘பங்கு’ என்பதைப் ‘பங்க்கு’ என்றும் வாசிப்பேன். பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “ஏன் பாட்டி, இது ‘ப’தானே?” என்றால், “எழுத்து ப தான்டா, ஆனா அப்படிச் சொல்லப்படாது” என்பாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. தமிழ் பேசுகிறவர்கள் தாங்கள் அறியாமலே செய்கிற காரியம் அது.

விதி இவ்வளவுதான். சொல்லின் முதலில் வந்தாலும், இரட்டித்து வந்தாலும் வல்லினம் கடினமாக ஒலிக்கும்: கப்பல், பக்கம். மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிரும்: தங்கம், தம்பி, பந்து. இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வந்தால் மெலிந்துவிடும்: மகன், அகல். காந்தி, பஸ் போன்று வெளியிலிருந்து வந்த சொற்கள் இதற்கு அடங்காது. அவற்றைப் பழக்கத்தால் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மலையாளமோ ஹிந்தியோ வாசிக்கத் தெரிந்த எட்டு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்ல அரை மணி போதும். நம் ஸ்தோத்திரப் புத்தகங்களில் க-வுக்குப் பக்கத்தில் பொடியாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்களே, அதுவும் இந்தக் கஷ்டத்துக்குக் கண்டுபிடித்த வழிதான். பாலக்காட்டுக்காரர்கள் பலர் சகஸ்ரநாமத்தை மலையாள லிபியில் வைத்துக்கொண்டு வாசிப்பதும் இதனால்தான். எண்ணைப் பார்ப்பதற்குள் அடுத்த நாமாவளி போய்விடும்.

மலையாளம் மட்டும் எல்லாம் சரியாக வைத்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். தமிழில் ந, ன என்று இரண்டு. மலையாளத்தில் இரண்டு ஓசைக்கும் ஒரே எழுத்து. ஆகையால் நம் குழந்தைகள் தமிழ் எழுதும்போது ‘நான்’ என்ற சொல்லிலேயே தடுமாறுவார்கள். ஆனால் ர, ற பேதத்திலும் ழ, ள பேதத்திலும் நம் குழந்தைகள் மெட்ராஸ் குழந்தைகளைவிடக் கெட்டி. மலையாளம் பேசிப் பேசி நாக்கு பழகியிருக்கிறது. இதையும் சொல்லிக்கொள்ள வேண்டும் இல்லையா? எப்போதும் “உங்க தமிழ் ஒரு மாதிரி” என்று கேட்டே நமக்கு அலுத்துப்போய்விட்டது.

வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். தினம் கால் மணி நேரம், காலையில், அவன் விளையாடப் போவதற்கு முன். முதல் நாலைந்து நாள் புத்தகமே எடுக்கவில்லை. காதுக்கு மட்டும் வேலை. “ப்-இ-ன்” என்று விட்டு விட்டுச் சொல்வேன், அவன் “பின்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் மாற்றி, நான் “டிப்” என்பேன், அவன் பிரித்து மூன்று விரல் மடக்க வேண்டும். ஊஞ்சலில் ஆடிக்கொண்டே செய்யலாம், பாட்டி சமையலறையிலிருந்தே கலந்துகொள்ளலாம். பிறகு அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஓர் அட்டைக்கு ஓர் எழுத்து. அவற்றை நகர்த்திச் சொல் கட்டுவான். படம் உள்ள புத்தகத்தில் முதலில் எழுத்து, பிறகு படம்.

டிக்டேஷனும் போட்டேன். மகனுக்குச் சொல்லவில்லை, இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறான், கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் முறை வேறு. சொல்லைச் சொன்னால் அவன் முதலில் வாயால் ஓசை பிரிக்க வேண்டும், எத்தனை ஓசை என்று விரலில் எண்ண வேண்டும், ஓர் ஓசைக்கு ஒரு கோடு போட வேண்டும், பிறகுதான் எழுத்து. தப்பு வந்தால் முழுச்சொல்லையும் பத்துத் தரம் எழுதுவது இல்லை. எந்த ஓசையில் தப்பு என்று மட்டும் பார்ப்போம். என் மகன் ஒவ்வொரு நாளும் வேறு விதமாகத் தப்பு எழுதினான் என்றேன் இல்லையா? அவன் படத்தை வரைவது போல் ஞாபகத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தான். எழுபது தரம் எழுதினாலும் வரைவது வரைவதுதான்.

சின்ன ‘பி’யையும் சின்ன ‘டி’யையும் பேரன் மாற்றி மாற்றி எழுதினான். அதற்கும் பயந்துகொள்ள வேண்டாம். ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 2009-ல் வாசிப்பையும் மூளையையும் பற்றி ஒரு நல்ல புத்தகம் எழுதியிருக்கிறார். காபி கப்பின் பிடி வலது பக்கம் இருந்தாலும் இடது பக்கம் இருந்தாலும் அது காபி கப்தான் என்று மூளை பிறவியிலிருந்து பழகியிருக்கிறது. எழுத்தில் மட்டும் பக்கம் மாறினால் பொருள் மாறும் என்று புதிதாகக் கற்க வேண்டும். ஏழு வயதில் அது மாறிப்போவது சகஜம். மேலும் கொஞ்ச காலம் ஆகியும் ஓசை பிரிக்கவே வரவில்லை, சேர்க்கவே வரவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குப் பின் டிஸ்லெக்ஸியா தெரிந்த நிபுணரிடம் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடிப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும், நான் வெட்கப்படுகிறேன்.

ஃபோனிக்ஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாராவது போர்டு வைத்தால் நம்ப வேண்டாம். இங்கிலீஷில் ‘ஸெட்’ என்ற ஓசைக்கு ‘எஸ்-ஏ-ஐ-டி’ என்று எழுதுகிறார்கள்; அதற்கு எந்த விதியும் உதவாது, அந்த மாதிரிச் சொற்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். ஸி.டி.யில் வரும் வெள்ளைக்கார உச்சரிப்பு நம் குழந்தை வகுப்பில் கேட்கும் உச்சரிப்பு இல்லை. வாத்தியார் சொல்வது ஒன்று, பெட்டி சொல்வது ஒன்று என்றால் குழந்தை எதைக் கேட்கும்? தன் ஊரில் பேசுகிற ஓசையை வைத்தே கற்பிப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓசை கூட்டி வாசித்த சொல்லின் அர்த்தம் குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘ஸ்னிப்’ என்று தடுமாறாமல் வாசித்துவிட்டு “அப்படின்னா என்ன தாத்தா?” என்று கேட்டால், கத்தரிக்கோலை எடுத்து வந்து காட்ட வேண்டும். கதை சொல்ல வேண்டும். பேச வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் டி.வி.யை அணைக்க வேண்டும். தமிழில் கதை சொன்னாலும் இங்கிலீஷ் வாசிப்புக்கு அது உதவும், ஏனென்றால் காது பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள்வது எந்த மொழியில் ஆனாலும் ஒன்றுதான்.

மூன்றாவது வாரத்தில், சாப்பிடும்போது, ஊறுகாய் பாட்டிலின் லேபிளை ஒருவரும் கேட்காமலே வாசித்தான். அதில் படம் இல்லை.

தமிழும் ஆரம்பித்தோம், ட, ப, ம-விலிருந்து. இப்போது கொஞ்சம் கொஞ்சம் வாசிக்கிறான். பரணில் இருக்கும் என் பழைய பைண்டு வால்யூம்களை எடுத்துக் கொடுத்தால் மட்டும் மாட்டிக்கொள்கிறான். 1978-க்கு முன் அச்சானதில் லை, னை எல்லாம் துதிக்கையோடு இருக்குமே! “தாத்தா, இது என்ன யானை?” என்கிறான்.

போன மாதம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, கையால் எழுதியது, மேலே தமிழில் இரண்டு வரி, கீழே இங்கிலீஷ். ‘பாட்டி ஃபோனில் சொன்னாள்’ என்பதற்கு அவன் ‘ஸெட்’ என்பதை ‘எஸ்-ஈ-டி’ என்று எழுதியிருந்தான். ‘பாலக்காடு’ என்பதில் ஒரு ‘க்’ இல்லை. நான் திருத்தி அனுப்பவில்லை. கடிதத்தை அவன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று ராத்திரி அவனிடமிருந்து பதில் வந்தது, அது மெசேஜ் இல்லை. ஒரு காகிதத்தில் பேனாவால் நாலு வரி எழுதி, அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தான்.